ஒன்பதாம் முறைத் தண்ணீர்

எஞ்சின் பிடித்துக்கொண்டபோது சூரியன் ஏரிக்கரைப் பனைகளைத் தாண்டி மேலே வரவில்லை. ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டதும் டபடபவென்று சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. பச்சமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சுற்றியது தன் கையல்ல, பெண்டாட்டி தாயாரம்மாளின் கை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்து, அந்தக் குளிர்ச்சியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது.

போன ஐப்பசியில் அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஒருவழியாகத் திரும்பிவிட்டது, கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். கை திரும்பவில்லை. வாயின் வலது கோடியில் எச்சில் வழிவதும் நிற்கவில்லை. அதைத் துடைப்பதற்கென்றே இடது தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும். இந்த நவரைப் போகத்தில் அண்டை வெட்டியது, நட்டது, களை எடுத்தது எல்லாம் தாயாரம்மாள்தான். அவர் வரப்பில் உட்கார்ந்து வாயால் விவசாயம் பார்த்தார். இன்றைக்கும் அவரை மொபட்டில் பின்னால் ஏற்றி, விழாமல் இருக்கத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டுதான் அவள் ஏரிக்கு வந்திருந்தாள்.

பங்குனி பிறந்ததும் ஏரித் தண்ணீர் மதகு வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் அந்த ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. மதகை ஒட்டி ஏரிக்குள்ளே ஒரு பள்ளம். கடைசித் தண்ணீர் அதில்தான் நிற்கும். கிணறும் போரும் இல்லாத பதினோரு பேர் அம்மன் கோயிலில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவனுக்கு ஒரு பகல். அவன் தன் எஞ்சினைப் பள்ளத்தோரம் இறக்கித் தண்ணீரை மதகுக்குள் ஏற்றிவிட வேண்டும். அது கால்வாயோடு அவன் வயலுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்தால் முறை முடிந்தது. நடுவில் எஞ்சின் நின்று ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப ஓடாவிட்டாலும் முடிந்ததுதான், அடுத்த சீட்டுக்காரன் எஞ்சினோடு வந்துவிடலாம். கேட்கிறவர்களுக்கு ஈவிரக்கமில்லாத சட்டமாகத் தோன்றும். வெயிலே தினம் ஒரு விரக்கடைத் தண்ணீரைக் குடித்துவிடுகிற பள்ளத்துக்கு வேறெப்படிச் சட்டம் போடுவது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

பச்சமுத்துவுக்கு ஒன்பதாவது சீட்டு. அறுபது சென்ட் குண்டு நெல், பால் பிடிக்கிற கட்டத்தில் நின்றது. இந்த ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல். நடுவில் வேறெதுவும் கிடையாது.

எஞ்சினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது நிலத்து எஞ்சின் இல்லை. கை நன்றாக இருந்த காலத்தில் பச்சமுத்து சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய், ஒரு ஃபைபர் படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்ததை வாங்கி வந்தார். ஊரிலிருக்கும் மற்ற எஞ்சின்களை நாலு பேர் தூக்க வேண்டும், இதை இரண்டு பேர் கழியில் மாட்டித் தூக்கிவிடலாம். ஏரிக்குள் இறக்க அதுதான் தோது. நீலப் பெயின்ட்டும் இடுக்குகளில் உப்புப் பூத்த கறையுமாக வந்து இறங்கிய நாள் முதல் ஊரில் அதற்குக் கப்பல் என்று பேர். "இன்னா பச்சமுத்து, கப்பலு கரைல கீதா கடல்ல கீதா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

ஏழேமுக்கால் மணிக்கு நீர்க்கட்டி எல்லப்பன் கரையிலிருந்து இறங்கி வந்தார். முறை பார்ப்பது, மதகு பார்ப்பது, மடைச் சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. பள்ளத்து ஓரம் குந்தித் தண்ணீரைக் கையால் விலக்கிப் பார்த்தார். தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது.

"பச்சமுத்து, உன் கப்பலு டீசலு கக்குது. பாத்தியா?"

"இல்லியே. எங்க?"

"தோ பாரு, ஒயுகிக்கினு கீது. மாடு கன்னு குடிக்கிற தண்ணி இது. இத்த இப்பிடியே வுட்டா நாளைக்கி ஊரு என்னத்தான் கேக்கும்."

தாயாரம்மாள் குனிந்து விளக்குத் திரியைப் பார்ப்பதுபோல முகத்தை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். டேங்கிலிருந்து வரும் டியூப் டீசல் பம்பில் சேருகிற இடத்தில் ஒரு போல்ட். அதன் தலைக்கடியிலிருந்து டீசல் கொடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்த போல்ட்டத்தான் முடுக்கு. பதனாலு ஸ்பானர எடு" என்றார் பச்சமுத்து.

அவள் முடுக்கினாள். கொடி தடித்தது. இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் தடித்து, அடுத்த நொடி பக்கவாட்டில் பீய்ச்சி அவள் ரவிக்கையை நனைத்தது.

"நிறுத்து, நிறுத்திடு தாயாரு" என்று அவர் கம்பால் தரையைத் தட்டினார். எஞ்சின் நின்றதும் ஏரி முழுக்கச் சத்தம் செத்துப்போனது. கால்வாயில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அங்கங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். காய்ந்த கால்வாய் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் மிச்சத்தை வயலுக்கு விடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதற்குத் திரும்பத் தண்டம் அழ வேண்டும்.

எல்லப்பன் போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டார். "எட்டு. ஒம்போதுக்குள்ள ஓட்டிடு. நான் கரைமேலதான் கீறேன்."

உத்திரமேரூர் மெக்கானிக் வெங்கடேசனுக்குப் போன் போட்டாள் தாயாரம்மாள். அவன் செய்யாற்றில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுப் புருஷன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"நைனா, நான் வர சாய்ங்காலம் ஆயிடும். அது செப்பு வாஷரு. மேல ஒன்னு, கீய ஒன்னு இருக்கும். அந்த சைஸு நம்ப உத்திரமேரூர்ல எந்தக் கடைலயும் கெடைக்காது, படகுக்குத்தான் வரும். கெயட்டி நெருப்புல செவக்கக் காய்ச்சி, அப்பிடியே தண்ணில போடு. மெத்துனு ஆயிடும். திருப்பி மாட்டு. அம்மாதான் கெயட்டுறாங்களா?"

"ஆமாண்டா. என் கையிதான் இப்போ அவளாண்ட கீதே."

"பாத்து முடுக்கச் சொல்லு நைனா, ரொம்ப அழுத்த வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் போல்ட்டைக் கழற்றினாள். நடுவில் துளை ஓடி, கழுத்தில் பக்கவாட்டிலும் துளை இருந்த போல்ட் அது. டீசல் அதற்குள்ளாகத்தான் பம்புக்குப் போகிறது. இரண்டு வாஷர்களையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். குழந்தை மோதிரம் அளவில், தேய்ந்து, ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன. ஏரிக்குள் வேலிகாத்தான் சுள்ளிக்குப் பஞ்சமில்லை. நெருப்பு மூட்டி, ஒரு கம்பியில் கோத்துக் காட்டினாள். பச்சமுத்து பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்.

"இன்னும். இன்னும் செவக்கணும். உன் நெத்திப் பொட்டுக் கணக்கா."

"பொட்டு வேர்வைல போயி ஒரு மணி நேரம் ஆவுது."

"சரி, செவந்துட்ச்சி, இப்போ போடு."

தண்ணீரில் சுர்ரென்றது. அவள் மாட்டினாள், அளவாக முடுக்கினாள், டியூபில் ஏறியிருந்த காற்றை அவர் சொல்லச் சொல்ல எடுத்தாள், ஹேண்டிலைச் சுற்றினாள். எட்டே முக்காலுக்கு எஞ்சின் ஓடியது. கரைமேலிருந்து எல்லப்பன் கையைத் தூக்கிக் காட்டினார். பச்சமுத்துவின் வாய் கோணலாகச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போல்ட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, ஆடி, விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஒரு மூச்சு விட்டு வாங்குகிற நேரத்துக்கு ஒரு சொட்டு.

தாயாரம்மாள் பாமாயில் டப்பா ஒன்றை அடியில் நகர்த்தி வைத்தாள். எல்லப்பன் வந்து பார்த்தார்.

"போதும். தண்ணில எறங்காம டப்பால புடிச்சிக்க. ரொம்பினா திருப்பி டேங்குல ஊத்திக்க. இதுக்குமேல நோண்டாத."

அத்துடன் விட்டிருக்கலாம். எல்லப்பன் சொன்னது அதைத்தான், தாயாரம்மாள் சொன்னதும் அதைத்தான். அப்படி விட்டிருந்தால் பொழுது சாயும் வரைக்கும் சொட்டுச் சொட்டாக அந்த டப்பா நிரம்பியிருக்கும், வயலும் நிரம்பியிருக்கும்.

பச்சமுத்துவால் விட முடியவில்லை. ஒரு மணி நேரமாக அவர் தண்ணீரையும் பார்க்கவில்லை, கால்வாயையும் பார்க்கவில்லை. அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விழும்போதெல்லாம் இடது கை தானாகத் துண்டைத் தேடி வாயோரம் போனது.

"நின்னா நல்லாருக்கும்" என்றார்.

"ஒயுகுனா ஒயுகட்டுமே. டப்பா கீது."

"போவப் போவ அதிகமாவும். மத்தியானத்துல பீச்சியடிச்சா இன்னா பண்ணுவே?"

"அப்போ பாத்துக்கலாம். இன்னா பேஜாரு பண்றே? தண்ணி போய்க்கினு கீது இல்ல."

அவர் சோற்றுக்கூடையையே பார்த்தார். ஒயர் கூடையின் கைப்பிடி அறுந்துபோனதில் தாயாரம்மாள் அதன்மேல் பட்டுக் கழிவை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். வயல் வேலை இல்லாத நாட்களில் அவள் மேலத் தெருத் தறிகளுக்குப் பாவு பிணைக்கப் போவாள். முடிந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, கட்டைவிரலால் ஒரு திருகு. முடிச்சு இருக்காது, ஆனால் அறுந்து வராது. ஒரு சேலைக்கு நாலாயிரம் ஐயாயிரம் இழை. காஞ்சிபுரத்து முதலாளியே இவள் விரலைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். மிஞ்சுகிற கழிவை அவள் எறிய மாட்டாள். அந்த வீட்டில் குடைக் கம்பி, துடைப்பக் கட்டு, குக்கர் கைப்பிடி எல்லாம் பட்டு சுற்றியிருக்கும். எதுவும் அவிழ்ந்ததாகச் சரித்திரமில்லை.

"தாயாரு, அந்த அரக்குப் பட்ட எடு. போல்ட்டு கழுத்துல நாலு சுத்து சுத்து. நீ சுத்துனா காத்துகூடப் போவாது."

"டீசல்ல போயி பட்டா?"

"நல்லியில சணலு சுத்துறதில்ல? அத்தவிட இது நைசு."

"வெங்கடேசன ஒரு வார்த்த கேட்டுக்கலாமே."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"அவன கேளு. எல்லப்பன கேளு. ரோட்டுல போறவன கேளு. என் கையி பூட்ச்சி, சரி. புத்தியுமா பூட்ச்சி?"

தாயாரம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதமாக மருந்துக்காரனும் தெருக்காரனும் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "சாப்பிட்டாரா, தூங்குனாரா" என்று இவளைக் கேட்பதை அவள் அறிவாள். எஞ்சின் ஒன்றுதான் இன்னும் அவர் பேச்சு எடுபடுகிற இடம். அதையும் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. பத்துக்குக் கால் மணி இருக்கும்போது எஞ்சினை நிறுத்தினாள்.

கைப்பிடியிலிருந்து ஒரு முழம் பட்டு நூலை அவிழ்த்து, எச்சில் தொட்டு முறுக்கினாள். போல்ட்டின் கழுத்தில் சுற்றும்போது கை நின்றது.

"இங்க ஓட்ட கீதே."

"ஓட்டைக்கு மேலால சுத்து. நெருக்கமா."

நாலு சுற்று. கடைசி நுனியைப் பாவு பிணைப்பதுபோல ஒரு திருகு திருகி உள்ளே அமுக்கினாள். பார்ப்பதற்கு நகைபோல இருந்தது. முடுக்கிக் காற்றெடுத்து ஓட்டியதும் இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு போல்ட்டைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. அவர் இடது விரலால் அடியில் தடவி, விரலை வெயிலில் காட்டினார். காய்ந்திருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கூழைக் கரைத்துக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் பச்சை மிளகாயும். அவர் இடது கையாலேயே சொம்பைத் தூக்கிக் குடித்தார். மோவாயில் வழிந்ததைத் துடைக்கவும் மறந்து, மாகறல் பக்கத்தில் ஆற்று மணலில் எஞ்சின் வைத்து இறைத்த பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார். கல்யாணமான புதிதில் நடந்தது. அவளுக்குத் தெரிந்த கதைதான். அவர் நாக்கு அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நாளாயிற்று என்பதால் ம் கொட்டினாள்.

கதை பாதியில் இருந்தபோது அவள் தலையைத் தூக்கினாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு தட்டு விட்டுப்போனது. மறுபடி சரியானது. மறுபடி இரண்டு தட்டு விட்டது. வெள்ளைப் புகை குப்பென்று வந்தது. ஒரு மூச்சு இழுத்து, எஞ்சின் அடங்கிப்போனது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி நின்றது. பைப்பின் வாயிலிருந்து கடைசித் தண்ணீர் கொட்டி முடித்தது.

பத்தரை மணி.

காற்றெடுத்தார்கள். ஹேண்டில் சுற்றினாள். திரும்பக் காற்றெடுத்தார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி, உள்ளங்கைத் தோல் வழன்றது. அவர் கம்பைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றி, அப்படியே எஞ்சின்மேல் சாய்ந்தார். அவள் பிடித்து உட்காரவைத்தாள்.

வெங்கடேசன் இரண்டாவது முறைதான் போனை எடுத்தான். நடந்ததை அவள் சொன்னாள்.

"பட்டா? நைனா, ஃபில்டருக்கு அந்தாண்ட போயி நூலு சுத்துவாங்களா? அந்த ஓட்டைலதான் டீசலு உள்ள இஸ்துக்கும். நூலு பிரிஞ்சி பம்புக்குள்ள பூந்துட்ருக்கும். பம்பப் பிரிச்சாத்தான் உண்டு. அதுக்குண்டான டூலு எங்கிட்டத்தான் கீது. நான் இப்பவே கெளம்புனாகூட ஒன்ற மணி நேரம் ஆவும்."

"மொதல்லயே கேட்டுருக்கலாம்" என்றார் பச்சமுத்து. போனிடம் சொன்னாரா, அவளிடம் சொன்னாரா தெரியவில்லை.

தாயாரம்மாள் போல்ட்டைக் கழற்றிப் பட்டு நூலை அவிழ்த்தாள். முழங்கையில் வைத்து அளந்து பார்த்தாள். இழை விஷயத்தில் அவள் கண் தப்பாது.

"ரெண்டு வெரக்கடை கொறையுது" என்றாள். அவர் சொல்லித்தான் சுற்றினேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு எஞ்சினுக்கு இரண்டு பேருக்குப் போன் போட்டாள். ஒன்று ஆற்றுக்குப் போயிருந்தது, இன்னொன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பதினொன்றேகாலுக்குப் பெருமாள் தன் எஞ்சினோடு வந்தான். பத்தாவது சீட்டுக்காரன். நேற்றுச் சாயங்காலம் இந்தக் கப்பலைக் கழியில் தூக்கிக் கொண்டுவந்து இறக்கியதில் ஒரு தோள் அவனுடையது. வந்தவன் கப்பலைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றான்.

"அண்ணா, நான் ஒன்னும் அவசரப்படல. எல்லப்பந்தான் வரச் சொல்லிச்சி."

"உன் எஞ்சின ரெண்டு மணி நேரம் குடேன் பெருமாளு" என்றாள் தாயாரம்மாள். "கால்வாசிகூட நனையல."

"குடுக்கலாம் அண்ணி. பள்ளத்துல பாரு. இன்னம் ஒன்ற நாளு தண்ணி கீதோ இல்லியோ. என் பின்னால கோவிந்தம்மா கீது, பதினொண்ணாவது சீட்டு. அது காலைலயே வந்து கரைமேல குந்திக்கினு கீது. அதாண்ட நீயே போயி கேளு. அது சரின்னா எனக்கும் சரி."

கரைமேல், பனை நிழலில், கோவிந்தம்மாள் முட்டிக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள், நாற்பது சென்ட்டு. தண்ணீர் குறைவதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். தாயாரம்மாள் அந்தப் பக்கம் பார்த்தாள். போய்க் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு எல்லப்பன் இறங்கி வந்து, கப்பலின் சக்‌ஷன் ஓஸைத் தண்ணீரிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கரையில் போட்டார்.

"மனசுல வெச்சிக்காத பச்சமுத்து. உனக்குன்னு வுட்டா நாளைக்கி எனக்கு இங்க வேல இல்ல."

"வுடு எல்லப்பா. நீ இன்னா பண்ணுவே."

முறை போனவனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. அடுத்தவன் தண்ணீர் தன் வயலோரம் போகும்போது, தன் மடையைத் தானே அடைத்து, கசிவில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாயாரம்மாள் அவரை மொபட்டில் ஏற்றித் துண்டால் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்தாள்.

வயல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மடைவாயை ஒட்டிய கால்வாசி இடத்தில் மட்டும் மண் கறுத்து நனைந்திருந்தது. அதற்கப்பால் வெடிப்பு. பால் ஏறாத கதிர்கள் விறைப்பாக நின்றன. அவர் ஒரு கதிரை இடது கையால் உருவி, ஒரு நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு துளி வந்தது, அவ்வளவுதான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"எல்லாம் என்னாலதான்" என்றார்.

"கம்முனு இரு" என்றாள். மண்வெட்டியால் சேற்றை வெட்டி மடையில் அப்பி, காலால் மிதித்தாள். காலையில் இதே மடையைத் திறக்கும்போது அவள் மண்வெட்டிக்குக் குங்குமம் வைத்திருந்தாள். அது இன்னும் அழியவில்லை.

பெருமாளின் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும், பின்னால் கலங்கல், பின்னால் கால்வாய் முட்டத் தெளிவாக. அவர்களுடைய பயிரை உரசிக்கொண்டே கீழே போனது. வேர்களுக்கு வாசனை தெரியுமோ என்னவோ, அவருக்குத் தெரிந்தது. தண்ணீர்பட்ட வறட்டு மண்ணின் வாசனை.

அப்போதுதான் அதைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வரப்பின் அடியில் ஒரு நண்டு வளை. அதன் வழியாக விரல் தடிமனில் தண்ணீர் இவர்கள் வயலுக்குள் கொப்பளித்துக்கொண்டிருந்தது. வெடிப்பு ஒன்று அதைக் குடித்து நிரம்பி, அடுத்த வெடிப்புக்குத் தள்ளியது. யாருக்கும் தெரியாது. வலது காலைக் கொஞ்சம் நகர்த்தி நீட்டினால் வளை வேட்டிக்குள் மறைந்துவிடும். சாயங்காலம் வரைக்கும் ஓடினால் இன்னொரு கால்வாசி நனையும். தாயாரம்மாளும் பார்த்துவிட்டாள். கால்வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் கண்ணையே பார்த்தாள்.

வரப்புமேல் பெருமாள் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கோவிந்தம்மாள்.

"அண்ணா, எல்லாம் அடச்சாச்சா?"

பச்சமுத்து வளையைப் பார்த்தார். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இடது கை துண்டைத் தேடி வாயோரம் போனது.

"தாயாரு" என்றார், "இங்க ஒன்னு ஒயுகுது."

அவள் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து, வளைக்குள் திணித்து, மேலே இன்னொரு கை அப்பி, ஏறி நின்று மிதித்தாள். பெருமாள் குனிந்து பார்த்தான்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.